தெரிந்தே ஊற்றிய தண்ணீர்

கம்பெனி வரவேற்பறை ஜாடியில் கிளாடியோலஸ் பூத்தண்டுகள் அழுகி நாறின. என் அப்பா நைனாவின் கையில் அன்று அடித்த அதே நாற்றம்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் நைனா தோட்டக்காரராக இருந்தார். வெளிநாட்டு முதலாளி தன் ஊரிலிருந்து கொண்டுவந்த காட்டுக் கிளாடியோலஸ் கிழங்குகளை அவர்தான் வளர்த்தார். கோடை வந்ததும் இலைகள் காய்ந்தன.

“செடி சாவுது, நீ இன்னா பண்ணிக்கினு இருக்க? தண்ணி ஊத்துய்யா!” என்று மேனேஜர் கத்தினார்.

“தூங்குது சார். இப்ப ஊத்துனா கிழங்கு அழுவிப்பூடும்.”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

“சரி சார்” என்று நைனா தினமும் ஊற்றினார். சாப்பாடு கொண்டுபோன நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கிழங்குகள் அழுகின, அவரைத்தான் வேலையைவிட்டு அனுப்பினார்கள். தெரிந்தே ஊற்றியவரைக் கடைசிவரை நான் மன்னிக்கவில்லை.

இப்போது இந்தக் கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. இன்று காலை, விரிசல் விட்ட உருப்படிகளைப் பாஸ் பண்ணச் சொன்னார் என் மேனேஜர்.

“சரி சார்” என்றேன்.