எழுத்து போடுமுன்னே

சின்ன மாமா மெட்ராஸிலிருந்து போட்ட கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அவர் நடிகர்களுக்குத் துணி தைத்துக் கொடுத்த படம் வெள்ளிக்கிழமை பரமக்குடிக்கு வருகிறதாம். அதில் அவர் பெயரும் வருமாம். பொங்கலுக்கு ஊருக்கு வரலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. தாயும் தகப்பனும் போனபோது அவருக்கு மூன்று வயது. அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு விதைப்பு நாளில், ஏரை வயலிலேயே விட்டுவிட்டு அவர் ஓடிப்போனார். அதிலிருந்து என் அய்யா அவர் பேச்சை எடுக்க விட்டதில்லை.

"பேரு இருந்தா வரச் சொல்லு. இல்லைன்னா இத்தோட விட்டுரு" என்றார் அய்யா.

அம்மாவுக்கு அது போதும். படம் ஒரு வாரம்தான் ஓடும்.

சனிக்கிழமை பஸ் பிந்திவிட்டது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது டைரக்டர் பெயர் திரையில் நின்றது. மாமா பெயர் இனிமேல்தான் வரும் என்று அம்மா முழுப் படத்தையும் கண் கொட்டாமல் பார்த்தாள். வெளியே வரும்போது டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டாள்.

"எழுத்து போடுமுன்னே வரணும்த்தா. நடிகருக மொதல்ல, டைரக்டரு கடைசியில. தையக்காரவுக நடுவுல."

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்தோம். நடிகர்கள் ஒவ்வொருவராக நின்று நிதானமாக வந்தார்கள். பிறகு பாட்டு எழுதியவர், பாடியவர்கள், சண்டைப் பயிற்சியாளர். திடீரென்று பொடி எழுத்தில் ஒரே கூட்டமாகப் பதினைந்து பெயர்கள். நான் மேலிருந்து நாலைந்தைப் படிப்பதற்குள் அவை போய், கேமராக்காரர் தனியாக வந்து நின்றார்.

எனக்கு அழுகை வந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"பெரிய ஆளுக்குத் தனி எடம். நம்ம ஆளுகளுக்குக் கண்ணு மூடித் தொறக்குற நேரம். சரி, வியாழக்கெழம வருவோம். நீ கீழயிருந்து படி."

"படம் பாக்கலையாம்மா?"

"அதான் நேத்துப் பாத்தோம்ல. மாட்டுக்குத் தண்ணி காட்டணும், எந்திரி."

மூன்று நாளும் எனக்குப் பயிற்சி. அம்மா என் பாடப்புத்தகத்தைச் சட்டென்று திறப்பாள், மூடுவாள். கடைசி வரிகளை நான் சொல்ல வேண்டும். எழுத்துத் தெரியாத அம்மா நான் சொன்னது சரியா என்று எப்படிக் கண்டுபிடித்தாளோ, திணறினால் மறுபடி திறப்பாள்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மட்டம். கடைசிக் காட்சி நாள். பொடி எழுத்து வந்தது. கீழிருந்து மூன்றாவது.

"இருக்கும்மா. மாமா பேரு இருக்கு."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா இனிசியல் தப்பு. தாத்தா பேருக்கு 'க' வரணும். 'செ'ன்னு போட்டுருக்காக."

"என்ன எழுத்து? இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். முன்பெஞ்சில் நெற்றியைச் சாய்த்துக் குலுங்கினாள். ஊரே பார்க்கும் படத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "ஒரு எழுத்துத்தானம்மா" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அம்மாவின் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இனிசியல் என்றால் தகப்பன் பெயர்தான் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

வீட்டில் அய்யாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். எந்த எழுத்து என்று அவரும் கேட்டார். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கார்டு போடு. வரச் சொல்லு" என்றார்.

இவ்வளவு பெரிய தப்பை அய்யா எப்படிச் சும்மா விட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. கார்டை நான்தான் எழுதினேன். அம்மா சொன்னதெல்லாம் முடிந்தபின் ஓரத்தில் இடம் மிச்சமிருந்தது. யாரிடமும் சொல்லாமல் நானாக ஒரு வரி சேர்த்தேன்: "மாமா, உங்கள் இனிசியலைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். அடுத்த படத்திலாவது சொல்லித் திருத்தவும்."