அண்ணி படித்த கிரேக்க நாடகம்

என் அண்ணி எங்கள் சலவைக் கடையில் நின்றபடியே பட்டப்படிப்பு படித்தவள். இஸ்திரி மேசைக்கு மேலே பாடத்தாளை கிளிப்பில் மாட்டி, சத்தமாக வாசித்துக்கொண்டே சட்டைகளைத் தேய்ப்பாள். எட்டாவதோடு நின்ற நான் எதிரே துணி மடித்தபடி கேட்பேன். வாய் திறக்க மாட்டேன். “சுவத்துகிட்ட படிச்சாகூட எதிரொலி வரும்” என்று கேலி செய்வாள்.

அந்த மாதம் அவளுக்கு ஒரு பழைய கிரேக்க நாடகம் பாடம். ஊருக்குக் கேடு வந்துவிட்டது. காரணமானவனை நாடு கடத்துவேன் என்று அரசன் அறிவிக்கிறான். விசாரிக்க விசாரிக்க விரல் அவன் பக்கமே திரும்புகிறது.

எங்கள் வீட்டிலும் ஒருவனைத் துரத்தியிருந்தோம். நான்கு வருடம் முன்பு கடையின் பின்னறை எரிந்தது. கடைசியாகத் தேய்ப்பவர் பிளக்கைப் பிடுங்கி வயரை ஆணியில் மாட்ட வேண்டும். அன்று வயர் ஆணியில் இல்லை. மாட்டிவிட்டுத்தான் போனேன் என்று தம்பி அழுதான். இனி வாசற்படி மிதிக்காதே என்று அப்பா அனுப்பிவிட்டார். தீப்பிடித்த அன்று, அதற்கு முன் மாலையில் வெளியே கிளம்பிய அப்பாவின் சட்டை புது மடிப்போடு இருந்ததை நான் பார்த்தேன். தம்பி வயரை மாட்டிவிட்டுப் போன பிறகு அவரே தேய்த்திருக்கிறார், தேய்த்ததையே மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குற்றவாளி தானே என்று அரசன் உணரும் காட்சிக்கு அண்ணி வந்தாள். துணிகளுக்கு அடையாளச் சீட்டு குத்திக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

“அந்த ராசாவுக்கு முன்னாடியே தெரியாதா?”

“தெரியாது மாமா. தேடப் போய்த்தான் தெரிஞ்சுது.”

“எனக்குத் தெரியும்மா. அன்னைக்கு அவனுக்கப்புறம் தேய்ச்சது நான்தான்.”

அண்ணி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கவே இல்லை. சட்டை கருகும் வாடை வந்தது. நான்தான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். மறதி என்று நான்கு வருடம் நான் நம்பியது மறதியே இல்லை.

தம்பியின் எண் அண்ணியிடம் மட்டும்தான் இருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தாள். அப்பா திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். தம்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“அக்காவுக்கும் தெரியுமா?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“தெரியும்” என்றேன். இணைப்பு அறுந்தது.

மறுநாள் காலை அப்பாவும் நானும் அவன் ஊருக்குப் பேருந்து ஏறினோம். அவன் கதவைத் திறந்தான், தண்ணீர் கொடுத்தான். திரும்பி வருவதாகச் சொல்லவில்லை.

அண்ணி அந்தப் பாடத்தின் தேர்வில் தேறிவிட்டாள். நாடகத்தைப் பற்றிய கேள்வியை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாளாம்.