எலிக்கு எலி மாறிய கட்டி

களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் என் அருகே இருந்த மெலிந்த பெண்மணி, இரண்டு உள்ளங்கைகளையும் ஓயாமல் உரசிக்கொண்டிருந்தார். வெளியே வெயில் கொளுத்தியது.

"குளிருதா அக்கா?"

"இல்ல புள்ள, பழகிட்டு. ஆய்வுகூடத்துல எலிகளோட வேலை. குளிர்ந்த கையால தொட்டா அதுகள் மிரளும்."

என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். ஓர் எலியின் புற்றுக்கட்டியில் சிறு துண்டை வெட்டி, இன்னோர் எலியின் தோலுக்குள் வைத்துத் தைப்பார்களாம். பெண் ஹோர்மோன் கிடைத்தால் அது வளருமாம்.

"முதல் எலி செத்து எவ்வளவோ காலம். கட்டி மட்டும் எலிக்கு எலி மாறி இன்னும் உசிரோட இருக்கு."

என் மார்பிலிருந்த புற்றுக்கட்டியை அகற்றிய பின் நான் போட்டு வந்தது அந்த ஹோர்மோனைத் தடுக்கும் மாத்திரை. அதன் உபாதை தாங்காமல், நிறுத்திவிடலாம் என்று அன்று காலைதான் முடிவு செய்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன்.

"ஹோர்மோன நிப்பாட்டினா கட்டி கடுகளவா சுருங்கிரும். செத்துட்டெண்டு நினைப்பம். திரும்பக் குடுத்தா வளரும். அது சாகல்ல புள்ள, பாத்துக்கொண்டு இருந்திருக்கு."

ஆரையம்பதியில் அவர் இறங்கியதும், பையிலிருந்த மாத்திரையை எடுத்து விழுங்கினேன். கடைசி வார்த்தையைச் சொன்னபோது அவர் முகத்தில் இலேசான சிரிப்பு இருந்தது. என்னைத் தேற்றச் சிரித்தாரா, அந்தக் கட்டியை மெச்சிச் சிரித்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.