ஹவ் என்றால் ஆமாம்

அந்தப் பேச்சு மாதங்கிக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. ஹைதராபாத், பாலாநகர் சமுதாயக் கூடத்தின் பின்னறை. மேசைமேல் ஸ்பீக்கர் போட்ட தொலைபேசி. அதன் முன்னால் விஜயகுமாரி, தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கால் சென்டர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பேராசிரியை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார்.

முதலில் பெயர், குடும்பம், முன்பு பார்த்த வேலை. பயிற்சியில் படித்தபடியே விஜயகுமாரி ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொன்னாள். அடுத்து, ராத்திரி ஷிப்டுக்கு வர முடியுமா என்று கேட்டார் பேராசிரியை.

"ஹவ் மேடம்," என்றாள் விஜயகுமாரி.

ஹைதராபாத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு ஹவ் என்றால் ஆமாம். உருது பேசுகிறவர்களிடமிருந்து எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்ட சொல். கோயம்புத்தூர்க்காரருக்கு அது எங்கே தெரியும்? எப்படி வருவது என்று இவள் ஆங்கிலத்தில் கேட்பதாக நினைத்து, கம்பெனி வண்டி வீட்டு வாசலுக்கே வரும் என்று விளக்கினார். விஜயகுமாரி தொலைபேசியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

வாடிக்கையாளர் திட்டினால் பொறுத்துக்கொள்வாயா என்பது அடுத்த கேள்வி.

"ஹவ் மேடம்."

அதை நீதான் சொல்ல வேண்டும் என்றார் பேராசிரியை. குரல் இறுகிவிட்டது. இந்த வேலை உனக்கு நிஜமாகவே வேண்டுமா என்று கேட்டார்.

"ஹவ் மேடம்."

"ஹவ்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

தன் பதிலைத்தான் மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்கிறார் என்று விஜயகுமாரிக்குச் சந்தோஷம். "ஹவ், ஹவ்," என்று அழுத்திச் சொன்னாள்.

நன்றி, நீ போகலாம் என்றார் பேராசிரியை.

பயிற்சி ஆசிரியையான மாதங்கி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய திட்டம் அது. குடிசைப் பகுதிகளான பஸ்திகளில் வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஒன்று சொல்லிக்கொடுக்கும்; பாரபட்சம் வரக்கூடாதென்று கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து தேர்வு வைப்பார்கள். கண்முன்னால் ஒருத்தி ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே கிணற்றில் இறங்குவதைப் பார்த்தது போல இருந்தது மாதங்கிக்கு. தடுக்க விதி இடம் கொடுக்கவில்லை, அவளும் அதன்படி உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்த விஜயகுமாரியின் முகம் மலர்ந்திருந்தது. "எல்லாத்துக்கும் ஹவ்னுட்டேன் மேடம். ஒண்ணுக்குக்கூட நக்கோ, வேணாம்னு சொல்லல," என்றாள்.

அவளுடைய அப்பா அரக்கோணத்திலிருந்து பாலாநகர் பட்டறைக்கு வந்தவர். இவள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த பஸ்தியில். தமிழில் ஆரம்பிப்பாள், தெலுங்கில் திரும்புவாள், உருதுவில் முடிப்பாள். அலுமினியப் பாத்திரங்களுக்கு அட்டைப்பெட்டி மடிக்கும் வேலையில் வருஷக்கணக்காக இருந்தாள். முதலாளி இடத்தை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே போனார். புருஷன் நடேசன் வேலை பார்த்த முலாம் பூசும் கடையும் அதே மழைக்காலத்தில் மூடிவிட்டது. குகட்பள்ளி வீடுகளில் அவள் வேலை கேட்டுப் பார்த்தாள். போன இடமெல்லாம் அவளுக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். கொண்டாப்பூர் ஐடி கம்பெனிகளிலிருந்து திரும்பும் வெள்ளை வண்டிகளில், கழுத்தில் அட்டை தொங்க ஜன்னலில் சாய்ந்து தூங்கும் பெண்களை விடிகாலையில் பார்ப்பாளாம். அப்படித் தூங்கிப் பார்க்கணும் மேடம் என்று ஒரு நாள் வகுப்பில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் ஒரு வகுப்பும் தவறவிட்டதில்லை. வேலையோ செல்போன் கம்பெனிக்காக இந்தியிலும் தெலுங்கிலும் பதில் சொல்வது. அதற்கு அவளைவிடப் பொருத்தமான நாக்கு அந்த வகுப்பில் இல்லை.

மத்தியானம் பேராசிரியை மறுபடி அழைத்தார். திட்ட ஒருங்கிணைப்பாளர் சம்பந்தம் எடுத்தார். ஸ்பீக்கர் அணைக்கப்படவில்லை.

"அந்த விஜயகுமாரி வேண்டாமுங்க. எதைக் கேட்டாலும் எதிர்க்கேள்வி போடுது. வேலை வேணுமான்னு கேட்டா, எப்படிங்குது. கிண்டலுங்களா?"

மாதங்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ். காலையிலிருந்து அறுத்துக் கூறுபோட்ட ஆங்கிலத்தில் பேசிய அந்தக் குரலுக்குள் இவ்வளவு நேரமும் கொங்குத் தமிழ் உட்கார்ந்திருந்தது. இரண்டு தமிழ்ப் பெண்கள், நடுவில் ஒரு தொலைபேசி. ஒருத்தி சொன்ன ஆமாம் இன்னொருத்திக்கு ஏளனமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அழைப்பு முடிந்ததும் மாதங்கி, ஆயுளில் முதல் தடவையாக, ஒரு மேலதிகாரி பேசுவதற்குள் பேசினாள். "சார், அவங்க ஆமான்னுதான் சொன்னாங்க."

சம்பந்தத்துக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. வெடித்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஐயோ பாவமே," என்றார். ஆனால் தொலைபேசியைத் தொடவில்லை. தேர்வு வைப்பவர் சொன்னால் சொன்னதுதான் என்று இரண்டு துணைவேந்தர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். இங்கிருந்து யார் பேசினாலும் சிபாரிசு ஆகிவிடும், மொத்தத் திட்டத்துக்கும் கெட்ட பெயர். சாயங்காலம் வரை பேராசிரியை மற்றவர்களுக்குத் தேர்வு வைத்துக்கொண்டிருப்பார், தொந்தரவு செய்யாதே என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

விஜயகுமாரி கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வேலை ஆச்சு என்று நடேசனுக்குச் சொல்லியனுப்பியாயிற்றாம். மாதங்கி நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்குத் தெரியாது.

விஜயகுமாரி அழவில்லை. காதில் விழாதவள் போல மாதங்கியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹவ்னா ஹவ்தானே மேடம்," என்றாள் கடைசியில். "வேற என்ன அர்த்தம்?"

"இங்கிலீஷ்ல அதுக்கு எப்படின்னு அர்த்தம் அக்கா. நீங்க எதிர்த்துக் கேக்கறதா நினைச்சுட்டாங்க."

"அத்தனை வருஷம் பொட்டி மடிச்சேன். சூப்பர்வைசர் முகத்தப் பார்த்து ஒரு வார்த்த எதுத்துப் பேசினதில்ல."

அந்தப் பேராசிரியை தமிழ்க்காரர் என்பதையும் மாதங்கி சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அடுத்த கணமே தோன்றியது. விஜயகுமாரியின் முகத்தில் அதுவரை இருந்த குழப்பம் போய், அடி வாங்கியது போன்ற ஒரு வெறுமை வந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். பின்னறைக் கதவு திறந்துதான் இருந்தது. மேசைமேல் தொலைபேசி தெரிந்தது.

"மேடம், அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு தடவ போன் போட்டுக் குடுங்க," என்றாள். "வேல கேக்க மாட்டேன், சத்தியமா. நான் அவங்களக் கிண்டல் பண்ணல, ஆமான்னுதான் சொன்னேன்னு தமிழ்ல சொல்லிட்டு வெச்சிடறேன்."