மூன்று மூட்டை நூல்

சித்தி வீட்டில் அரிசியைவிடக் கம்பளி நூல் அதிகம். கிள்ளான் வெயிலில், காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்து, கழுத்து வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கம்பளி பின்னுகிற மனுஷி எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். கேமரன் மலைக் குளிரில் வீடு வாங்கப்போகிறாயா என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். சித்தி தலை நிமிராமல் ஊசியில் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

அம்மாவும் அப்பாவும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்ததால் பள்ளி விடுமுறை முழுக்க நான் அங்கேதான். எனக்கு ஒன்பது வயது. நூலைப் பராமரிப்பதில் பாதிப் பொறுப்பு என்னுடையது என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம். பழைய பிஸ்கட் டின்களில் நிறம் பிரித்து வைத்திருப்போம். பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் டின்களைத் திறந்து நிழலில் காற்றாட விடுவோம். வெயிலில் வைத்தால் சாயம் வெளுத்துவிடும். பூச்சிக்குக் கிராம்பைத் துணியில் முடிந்து போடுவோம். பாச்சை உருண்டை மட்டும் அந்த வீட்டு வாசற்படியே ஏறக்கூடாது. ஏன் என்று கேட்டால் ஆகாது என்பார், அவ்வளவுதான். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் நூலைத் தொடவும் முடியாது. சாமி மேடைக்குக்கூட அந்த வீட்டில் அத்தனை கெடுபிடி இல்லை.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் சித்தி பின்னியது ஒரே ஒரு பொருள்தான். தொப்பி. அதுவும் ஆரஞ்சுப் பழத்துக்குப் போட்டால் சரியாக இருக்கும் அளவில். பின்னியதைத் துவைத்துக் காயவைத்து, மாதம் ஒரு முறை பையில் போட்டு எங்கோ கொண்டுபோவார். என் பொம்மைக்கு ஒன்று கேட்டேன். எது கேட்டாலும் கொடுக்கிறவர் அதை மட்டும் தரவில்லை. சீக்கிரமா வந்துடுறவங்களுக்கு அது, என்றார். விருந்தாளிக்கு எதற்குத் தொப்பி என்று யோசித்ததோடு விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை அது. சித்தப்பா ஜொகூருக்கு லோரி ஓட்டிப் போயிருந்தார். சித்திக்கு பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் அரைநாள் வேலை. வேலைக்குப் போகிற தங்கைக்கு வீட்டைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கிறேன் என்று பெரியம்மா காஜாங்கிலிருந்து காலையிலேயே வந்து இறங்கினார். அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர். கோயில் மாதர் குழுவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எங்கள் வீடுகளிலும் அதே சட்டம்தான். ஒட்டடை அடித்து, ஜன்னல் துடைத்து, கடைசியாக அலமாரியைத் திறந்தவர், நூல் டின்களையும் மேலே இருந்த குட்டித் தொப்பிகளையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு டின்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, நூல் முழுவதையும் கறுப்புக் குப்பைப் பைகளில் அமுக்கி மூன்று மூட்டையாகக் கட்டினார்.

"பிள்ளை பொறக்கறதுக்கு முன்னால துணி சேத்து வைக்கக்கூடாது. ஆகாது. அதனாலதான் இவளுக்கு இன்னும் ஒன்னும் தங்கல," என்றார் என்னிடம்.

அந்த நேரம் பார்த்துத் தாமான் குடியிருப்புக்குள் பழைய பேப்பர் லோரி நுழைந்தது. பழைய செய்தித்தாள், பழைய இரும்பு என்று ஒலிபெருக்கியில் மலாய்க் குரல். பெரியம்மா கைதட்டி நிறுத்தினார். ஓட்டி வந்த சீன அங்கிள் மூட்டைகளைத் தூக்கிப் பின்னால் போட்டார். நான் ஓடிப்போய் டயரில் கால் வைத்து ஏறி, உடைந்த காற்றாடிக்கும் செய்தித்தாள் கட்டுக்கும் நடுவே, மூன்று மூட்டை மேலும் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

பெரியம்மா இறங்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். தீபாவளிக்குப் பலகாரம் கிடையாது என்றார். வேண்டாம் என்றேன். காலை உடைப்பேன் என்றார். உடைத்தால் எப்படி இறங்குவது என்று கேட்டேன். அங்கிள் மலாயில் கெஞ்சிப் பார்த்தார். எதிர்வீட்டு ஆன்டி முறுக்கு மாவுக் கையோடு வாசலுக்கு வந்துவிட்டார். எனக்குப் பயம்தான். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஞாயிறு ஞாயிறாக நான் காற்றாட விட்ட நூல் அது.

கொமுட்டர் ரயிலில் இறங்கி சித்தி நடந்து வந்து சேர்ந்தபோது எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். அங்கிளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அவரே இறக்கினார். அப்புறம்தான் அக்கா பக்கம் திரும்பினார்.

"ஒரு தடவை உங்க பேச்சக் கேட்டேன்க்கா. போதும். இந்த நூல் இங்கதான் இருக்கும். நான் பின்னிக்கிட்டுதான் இருப்பேன்."

குரலைக்கூட உயர்த்தவில்லை. யாருக்கும் மசியாத பெரியம்மா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்றார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. லோரி மேலிருந்தே அவரைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

அன்று சாயங்காலம், இவ்வளவு செய்ததற்காக ஒரு தொப்பியாவது கொடு என்று மறுபடியும் கேட்டேன். சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், தொப்பி தரவில்லை. நன்றி கெட்டவர் என்று முடிவு செய்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

பல வருஷம் கழித்து, நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, பிள்ளைக்குத் துணி வாங்கலாமா கூடாதா என்ற பேச்சில்தான் அம்மா சொன்னார். எனக்கு இரண்டு வயதிருக்கும்போது சித்திக்கு ஏழாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டதாம். முன்கூட்டியே துணி வாங்க ஆசைப்பட்டவரைத் தடுத்தது பெரியம்மா. அதனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீட்டில் ஒரு சட்டைகூட இல்லை. யாரோ முகம் தெரியாதவர் குறைமாதப் பிள்ளைகள் வார்டுக்குப் பின்னிக் கொடுத்திருந்த தொப்பியை நர்ஸ் எடுத்துப் போட்டுவிட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை உடுத்தியது அது ஒன்றுதான். ஒரே ஒரு நாள்தான் உயிரோடு இருந்தது. சித்தி மாதாமாதம் பை தூக்கிப் போனது அந்த வார்டுக்குத்தான். அத்தனை சின்ன உயிர்களுக்குப் பாச்சை உருண்டை ஆகாது என்பதும், அலமாரி முன்னால் பெரியம்மா ஏன் அப்படி நின்றார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மறுநாளே போய்ச் சட்டை, கையுறை, காலுறை எல்லாம் வாங்கி அலமாரியை நிரப்பினேன். ஆகாது என்று சொன்னவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினேன். பெரியம்மாவுக்கும் காட்டினேன். அவர் மடிப்புக் கலைந்திருந்த ஒரு சட்டையை எடுத்து, மறுபடி மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

அன்று நான் நாக்கைத் துருத்தியிருக்க வேண்டாம். அதற்கு மட்டும் வெட்கப்படுகிறேன். மூட்டை மேல் படுத்ததற்கு இல்லை. இன்றைக்கு அந்த லோரி வந்தாலும் ஏறிப் படுப்பேன்.