பிள்ளையார்பாளையத்தில் ஏழாவது கட்டுரை

காலை ஏழு மணிக்குப் பாரிமுனையில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் கூட. பூந்தமல்லி வரை நின்றுகொண்டேதான் வந்தேன். கூட வந்தவர்கள் காமாட்சியைப் பார்க்கவோ கல்யாணப் பட்டு எடுக்கவோ போனார்கள். என் தோல்பையில் இருந்தது கெட்ட செய்தி.

சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் நானும் ஏகாம்பரமும் சேர்ந்து ஆறு ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறோம். அணுவுக்குள் இருக்கும் துகள்கள் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டே சொல்கிற பிழைப்பு எங்களுடையது. அவன் அப்பா காலமானதும் சொந்த ஊரான காஞ்சிபுரத்துக்கே கல்லூரி வாத்தியாராகப் போய்விட்டான். ஏழாவது கட்டுரை தபாலில் நடந்தது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: ஒரே கணக்கை இருவரும் தனித்தனியே போடுவோம், இருவரும் முடிக்கும்வரை விடையைப் பற்றி மூச்சு விடமாட்டோம். அடுத்தவன் தாளைப் பார்த்தால் அவன் தப்பு நமக்கும் ஒட்டிக்கொள்ளும். நான் போன வருஷமே முடித்து, முடிந்தது என்று மட்டும் அவனுக்குக் கார்டு போட்டேன். அவனிடமிருந்து 'இன்னும் கொஞ்சம் பார்க்கணும்' என்றே கார்டு வந்துகொண்டிருந்தது.

போன வாரம் கப்பல் தபாலில் ஒரு தட்டச்சுப் பிரதி வந்தது. வெளிநாட்டில் மூன்று பேர் அதே கணக்கை முடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ப்ளஸ் போட்ட இடத்தில் அவர்கள் மைனஸ் போட்டிருந்தார்கள். மறுபடி உட்கார்ந்து பார்த்தேன், தப்பு என்னுடையதுதான்.

ஒன்பதரைக்கு இறங்கி ரிக்‌ஷா பிடித்தேன். "சேலை எடுக்கவா சார்? நல்ல கடையா காட்றேன்" என்றார் ரிக்‌ஷாக்காரர். கணக்குப் பார்க்க வந்தேன் என்றதும், "அப்ப எதோ கடை மாட்டிக்கிச்சு" என்று சிரித்துக்கொண்டே மிதித்தார்.

பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரத்தின் வீட்டுக் கூடத்தில் அவன் அண்ணன் தறியில் இருந்தார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து சேலையின் ஒரு பக்கக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். "இழை அறுந்துக்கிச்சு, நிறுத்துங்க" என்று அண்ணி சொல்ல, தறி நின்றது. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் ஒரே கணக்கத்தான போடறீங்க? ஒண்ணா குந்திப் போட்டா என்னவாம்?" என்றார். எங்கள் வழக்கத்தை விளக்கினேன். "நல்லா இருக்குது போங்க" என்று மறுபடி நாடாவை எடுத்தார்.

ஏகாம்பரம் என்னை உள் அறைக்கு அழைத்துப்போனான். நான் பிரதியை நீட்டினேன். நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் படித்தான். பிறகு அலமாரியிலிருந்து தன் தாள்களை எடுத்தான். அதிலும் மைனஸ்.

"எப்பப்பா முடிச்சே?"

"உன் கார்டு வந்த மறுமாசமே."

"ஏன் சொல்லலே?"

"நான் பசங்களுக்குப் பாடம் எடுத்துக்கினு இருக்கிறவன்பா. நீ அங்கியே இருக்கிற ஆளு. என் விடை வேறயா வந்தா, நான் இதுக்கு லாயக்கில்லன்னு ஆயிடும். அதான் திரும்பத் திரும்பப் போட்டுக்கினு இருந்தேன். எப்பப் போட்டாலும் மைனஸ்தான் வருது."

எனக்கு அழுகை வந்தது. முந்தைய ஆறு கட்டுரைகளிலும் எங்கள் விடைகள் முரண்பட்டபோதெல்லாம் கோட்டைவிட்டவன் நான்தான். அவன் கணக்கைத்தான் நான் நம்புவேன். அது அவனுக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன். ஒரு கார்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். அதையும், இந்தத் தடவையும் தப்பாக ப்ளஸ் போட்டவன் நான்தான் என்பதையும் அப்போது சொன்னேன். "சரி விடுப்பா" என்றான்.

மத்தியானம் அங்கேயே சாப்பாடு. வேறு கணக்கு ஒன்று இருக்கிறது, சேர்ந்து போடலாம் என்றேன். "நீயே போடு. எனக்கு இது போதும்" என்று கையிலிருந்த பிரதியைக் காட்டினான். வருத்தமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பிரதியைப் பார்த்ததிலிருந்து அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மாலை கச்சபேஸ்வரர் கோயில் வழியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். முன்பு சென்னையில் ஒரே மாடியில் எதிரெதிர் அறையில் இருந்தோம். கணக்கை மறைத்தாலும் டீ குடிக்கையில் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். தபாலில் முகம் வராது.

"இந்தப் பிரதி என்கிட்டயே இருக்கட்டுமா?" என்று கேட்டான். கொடுத்தேன். பஸ் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். டீக்கடை விளக்கடியில் நின்று மறுபடியும் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். அவன் கணக்குச் சரி என்று அவனுக்குச் சொன்னவர்கள், அவன் பெயரைக்கூடக் கேள்விப்படாத மூன்று பேர்.