வாசல் கொக்கியில் ஒரு சாவி

எங்கள் வீட்டு வாசல்கதவுக்கு உள்பக்கம், சுவிட்ச் பலகைக்குக் கீழே, இரண்டு கொக்கிகள் உண்டு. இடதுபக்கம் என் கணவருடையது, வலதுபக்கம் என்னுடையது. கார் வாங்கியபோது வந்த இரண்டு சாவிகளையும் முதல் நாளே ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம். வெளியே போகிறவர் தன் சாவியை எடுத்துக்கொண்டு போகவேண்டும், வந்ததும் மாட்டவேண்டும். அவர் நடந்துபோய்ப் பால் வாங்கி வந்தாலும் கார் சாவி சட்டைப்பையில்தான் இருக்கும். அதனால் நான் பள்ளிக்கூடத்திலிருந்து களைத்து வந்து கதவைத் திறக்கும்போதே ஆள் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். சாவி தொங்கினால் இருக்கிறார். முகத்தைக்கூடப் பார்க்காமல், "காபி போடுங்க" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்லிவிடுவேன்.

சென்ற பிப்ரவரியில் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து கதவைத் திறந்தால், இடது கொக்கியில் சாவி தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆம்புலன்சில் போனவர் எதற்குக் கார் சாவியை எடுத்துக்கொண்டு போகப்போகிறார்? எனக்குக் காபி என்ற சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அன்று காலையில்தான் நாத்தனார் பக்கத்தில் நின்று, தாலியைக் கழற்றிச் சவப்பெட்டிக்குள் அவர் கையில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். யார் எதைச் சொன்னாலும் அன்று செய்தேன். ஆனால் அந்தச் சாவி அங்கே தொங்கிக்கொண்டு பொய் சொல்வதை என்னால் பார்க்க முடியவில்லை. அதை எடுத்து என் சாவி வளையத்திலேயே கோத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இதையாவது யாரும் கழற்றச் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு காரை எடுக்கவேயில்லை. எங்கே போவது? விவேக் நகரில் எனக்கு வேண்டிய கோயில், காய்கறி, மருந்துக்கடை எல்லாம் நடக்கிற தூரம். தூரத்து இடங்களெல்லாம் இரண்டுபேராகப் போன இடங்கள், அங்கே தனியாகப் போய் நின்றால் பார்க்கிறவர்கள் முதலில் என் பக்கத்துக் காலி இடத்தைத்தான் பார்ப்பார்கள். தனிமையைப் பற்றி என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்கு அது சண்டை போட ஆள் இல்லாமல் போனதுதான். ஓய்வு பெறும்வரை வகுப்பில் கத்திக் கத்திப் பழகின தொண்டை, நாள் முழுக்கப் பேசாமல் கிடந்து, சாயங்காலம் மகள் போன் செய்யும்போது கம்மிப்போயிருக்கும். "சளி பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

அக்டோபர் கடைசியில் அவள் ஆஸ்திரேலியாவிலிருந்து ஆரம்பித்தாள். "அந்தக் கார வித்துடும்மா. சும்மா நின்னு வீணாப் போகுது. எங்க போணும்னாலும் ஆப்ல ஆட்டோ வருதில்ல?" அதே வாரத்தில் மர்பி டவுனிலிருந்து நாத்தனாரும் கூப்பிட்டாள். "அண்ணி, கல்லறைத் திருநாளுக்கு எங்க வண்டியிலயே வந்துருங்க. பின்சீட்டுல ஒங்களுக்கு எடம் வச்சிருக்கோம்."

இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனாலும் பின்சீட்டு என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த ஊர் போக்குவரத்தில் இத்தனை வருடம் வண்டி ஓட்டியவள் நான். ஒருநாள் பரிதாபத்துக்காகப் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டால், இனிமேல் எல்லாக் கல்யாணத்துக்கும் எல்லா அடக்கத்துக்கும் யாராவது வந்து அள்ளிப்போட்டுக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்.

அதுவும் கல்லறைத் திருநாளுக்கு. வருடா வருடம் நவம்பர் இரண்டாம் தேதி வாளி, துடைப்பம், சாமந்திப்பூ, மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு ஓசூர் ரோடு கல்லறைக்குப் போவோம். மாமனார் மாமியார் கல்லறையைக் கழுவிப் பூவால் சிலுவை போடவேண்டும். அன்று அந்த ரோட்டில் சைக்கிள் நிறுத்தவும் இடம் கிடைக்காது. என்னை வாசலில் இறக்கிவிட்டு அவர் எங்கேயோ தொலைவில் நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, ஊரையே திட்டிக்கொண்டு வருவார். இந்த வருடம் அவரே அங்கே இருக்கிறார். முதல் திருநாள். அவரைப் பார்க்க நானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது.

மகளிடம் சொன்னேன்: "கல்லறைக்கு நானே ஓட்டிட்டுப் போறேன். அன்னிக்கு வண்டி கெளம்பலேன்னா நீயே ஆளப் பாத்து வித்துடு. நான் வாயே தொறக்க மாட்டேன்." இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக்குணம்.

பேட்டரி செத்துப்போயிருந்தது. எதிர்பார்த்ததுதான். தெருமுனை மெக்கானிக் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் வந்து புதிது மாட்டினார். சாவியைத் திருப்பினார். என்ஜின் உறுமியது, எனக்குச் சந்தோஷம் வருவதற்குள் நின்றுவிட்டது. மறுபடியும் அப்படியே. மீட்டருக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. காருக்குள் சாவி இருப்பதுபோல் ஒரு படம்.

"செக்யூரிட்டி லைட்டு மேடம். சாவித் தலைக்குள்ள ஒரு சிப் இருக்கு. அத வண்டி படிக்கணும். படிக்க முடியலேன்னா திருடன்னு நெனச்சு என்ஜின நிறுத்திடும்."

"என்னையவா திருடிங்குது?"

"ஒங்கள இல்ல மேடம், சாவிய."

சும்மா சொல்லக்கூடாது, மெக்கானிக் படாதபாடு பட்டார். ரிமோட்டில் பூட்டித் திறந்தார். ரிமோட்டுக்குள் இருந்த காசு சைஸ் பேட்டரியை மாற்றினார். பெரிய பேட்டரியின் ஒயரைக் கழற்றி, கொஞ்சநேரம் விட்டு, மறுபடி மாட்டினார். கடைசியில், "இன்னொரு சாவி இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

"அதான் பக்கத்துலயே தொங்குதே."

வளையத்தை அப்படியே திருப்பிப் பிடித்து என் கணவரின் சாவியை நுழைத்துத் திருப்பினார். அதே உறுமல், அதே நிற்றல், அதே சிவப்பு விளக்கு.

"ரெண்டும் ஆகல. அப்போ சாவில தப்பில்ல, வண்டிலதான். ஷோரூமுக்கு எடுத்துட்டுப் போய் கம்ப்யூட்டர் வச்சுப் பாக்கணும். நாளைக்குக் கன்னட ராஜ்யோத்சவ லீவு. ரெண்டாந்தேதி காலைல இழுத்துட்டுப் போற வண்டிய அனுப்பறேன்."

இரண்டாம் தேதி எனக்கு என்ன நாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் ஊரெல்லாம் கொண்டாட்டம். ஆட்டோக்களில் மஞ்சளும் சிவப்புமாய்க் கொடி, தெருமுனையில் மைக் செட் கட்டிக் கன்னடப் பாட்டு. நான் கார் ஷெட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் விட்டுவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். துடைத்துவிட்டுத் திருப்பினேன். ஜெபம் சொல்லிவிட்டுத் திருப்பினேன். "நான்தான், தெரியலயா?" என்று சத்தமாகவே கேட்டேன். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை என்ஜின் உறுமலுக்கு ஆடிவிட்டு நின்றது. எட்டு மாதமாக, பேங்க், பென்ஷன் ஆபீஸ் என்று போகிற இடமெல்லாம், நான் அவருடைய மனைவிதான் என்று சொல்லிச் சொல்லி நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பாழாய்ப்போன காரிடமும் நிரூபிக்கவேண்டுமா? அழுகை வந்தது. அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. வெளியே பாட்டுச் சத்தம் பெரிதாக இருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது. கேட்க வீட்டில் யாரும் இல்லையே என்பது பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் நாத்தனாரைக் கூப்பிட்டு, "காலைல வந்து என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன். மகளிடம், "வித்துடு" என்று மட்டும் சொன்னேன். "சளி அதிகமாயிருக்கேம்மா" என்றாள்.

விடிந்ததும் இழுத்துப்போகிற வண்டி வந்துவிட்டது. டிரைவர் கன்னடக்காரர். "கீ கொடி மேடம்" என்று கையை நீட்டினார். வளையத்தோடு கொடுக்கப்போய்க் கையை இழுத்துக்கொண்டேன். என் சாவியை யாரிடம் வேண்டுமானாலும் கொடுப்பேன். அவருடையதை ஊர்பேர் தெரியாத ஆளிடம் எப்படிக் கொடுப்பது? என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "ஒந்து கீ சாக்கு மேடம்" என்றார். ஒன்று போதுமாம்.

உள்ளே போய்ச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துக் கரண்டிக் காம்பால் வளையத்தை நெம்பினேன். நகம் உடைந்தது. என் சாவி கழன்று வந்தது. அவருடையதை வளையத்தோடு மேஜைமேலேயே விட்டுவிட்டு வந்தேன்.

சக்கரம் ஒருபக்கமாகத் திரும்பி ஸ்டியரிங் பூட்டிக்கொண்டு நின்றது. அதை நேராக்கினால்தான் வெளியே இழுக்கமுடியும். அதை மட்டும் நானே செய்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். பூட்டை விடுவிக்கப் பாதி திருப்பினால் போதும். பழக்கதோஷம், கை முழுக்கத் திருப்பிவிட்டது.

என்ஜின் உறுமியது. நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. சிவப்பு விளக்கைத் தேடினேன், அது இருந்த இடம் கறுப்பாக இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். கிளம்பியது. இன்னொரு தடவையும் கிளம்பியது.

"காடி சென்னாகிதெயல்லா மேடம்!" என்றார் டிரைவர். வண்டி நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு என்னைக் கூப்பிட்டீர்கள் என்பதுபோல் பார்த்தார்.

அவரை அனுப்பிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "அய்யோ, ரெண்டும் ஒரே வளையத்துல இருந்துச்சில்ல! நானும் கவனிக்கலியே மேடம். ரெண்டு சிப்பும் ஒட்டிக்கிட்டு இருந்தா ரெண்டும் ஒண்ணாப் பேசும், வண்டி கொழம்பிடும். எந்தச் சாவியப் போட்டாலும் இன்னொண்ணு பக்கத்துலயே இருந்திருக்கு. ஒண்ணுமில்ல மேடம், ரெண்டையும் தனித்தனியா வச்சுக்கோங்க, அவ்ளோதான்."

அவ்வளவுதான். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

நாத்தனாரைக் கூப்பிட்டேன். "நீங்க இங்க வரவேணாம், நேரா கல்லறைக்கே வந்துருங்க. நான் ஓட்டிட்டு வந்துடறேன்." அவள் ஏதோ கேட்கத் தொடங்குவதற்குள் வைத்துவிட்டேன். வாளி, துடைப்பம், பூ, மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றினேன். பிறகு வீட்டைப் பூட்ட வந்தேன்.

மேஜைமேல் அவர் சாவி கிடந்தது. கைப்பையில் போட்டுப் பின்சீட்டில் வைத்தால் ஒன்றும் ஆகாது, அவ்வளவு தள்ளி இருந்தால் காருக்குக் குழப்பம் வராது. அலமாரியில் வைக்கலாம். மாதா படத்துக்குப் பின்னாலும் வைக்கலாம். எதுவும் சரியாகப் படவில்லை. அந்தச் சாவிக்கு என்று ஒரு இடம்தான் இருந்தது.

கொண்டுபோய் இடது கொக்கியில் மாட்டினேன். பொய்தான். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது மறுபடியும் காபி என்று வாய்வரைக்கும் வரும். வரட்டும். என் சாவி என் கையில் இருக்கிறது, அவர் சாவி கொக்கியில் தொங்குகிறது. அப்படியிருந்தால் எங்கள் வீட்டில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். பார்க்கப்போவது அவரைத்தான் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், "போயிட்டு வரேங்க" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.